துலிப் மலருக்கு நாள் குறித்தல்

பங்குனி, சித்திரையிலே வேம்பு பூக்கும். கொன்றை பொன்னாய்ச் சொரியும். அக்கொன்றையை மார்கழி மாதம் பத்தாந் திகதி பூக்கச் செய்து தா என்று ஒரு தோட்டக்காரரிடம் எவராவது சென்று கேட்பாராயின், அவர் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பாரேயன்றி மறுமொழி கூறமாட்டார். ஆயின், ஒல்லாந்து தேசத்திலே துலிப் பயிரிடுவோரிடம் செப்டெம்பர் மாதத்திலே சென்று, "வருகிற பெப்ரவரி 14ஆந் திகதிக்கு எமக்கு ஐம்பதினாயிரம் மலர் வேண்டும்" என்று சொல்லிவைத்தால், அவர் நாட்காட்டியைப் புரட்டிக் கணக்கிட்டுச் "சரி" என்பார். வெளியிலே வயல்கள் குளிரில் விறைத்துக் கிடக்க, அத்திகதிக்கு இரண்டொரு நாள் முன்னரே மொட்டு நிறங்கொள்ளும் பதத்தில் மலர்கள் வெட்டிக் கட்டப்பட்டு வண்டியேறிவிடும். திருமணத்துக்கு நாள் குறிப்பது போலப் பூவுக்கு நாள் குறிக்கும் இக்கலை எவ்வாறு கைவந்தது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

துலிப்பின் தாயகம் ஒல்லாந்தன்று. தியான் சான், பாமீர் முதலிய மத்திய ஆசிய மலைச்சாரல்களே அதன் பிறப்பிடம். அங்கே குளிர்காலம் நீண்டது; வசந்தம் சில வாரங்களே நிற்பது; கோடையோ வறண்டது. இத்தகைய இடத்தில் உயிர் வாழ விரும்பும் செடி, பனி உருகியதும் விரைந்து எழுந்து, விரைந்து பூத்து, கோடை வருமுன் மண்ணுக்குள் ஒடுங்கிவிட வேண்டும். ஒடுங்குவதற்கு அது கட்டிக்கொண்ட வீடுதான் குமிழ். நமது வெங்காயமும் குமிழே. ஒரு வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், அடியிலே தட்டையான ஒரு தண்டும், அதன்மேல் ஒன்றையொன்று போர்த்த சதைப்பற்றுள்ள செதிலிலைகளும், நடுவிலே ஒரு சிறு முளையும் தோன்றும். துலிப் குமிழின் அமைப்பும் பெரும்பாலும் இதுவே. செதிலிலைகளில் மாப்பொருள் நிறைந்திருக்கும். நடுவிலுள்ள முளையிலேதான் அடுத்த ஆண்டின் பூ இருக்கிறது.

"இருக்கிறது" என்றது சற்று அவசரமான சொல். ஒல்லாந்தின் வயல்களில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடப்பட்ட குமிழ் குளிர்காலம் முழுவதும் வேரூன்றி, ஏப்ரில், மே மாதங்களிற் பூக்கும். குமிழுக்காகப் பயிரிடுபவர் அப்பூக்களைக் கண்டு களித்துக்கொண்டு நிற்பதில்லை. உடனே கொய்து நிலத்திலே எறிந்துவிடுவார். இலைகள் உண்டாக்கும் உணவு விதைக்குப் போகாமற் குமிழுக்குப் போகவேண்டும் என்பதே நோக்கம். ஜூன், ஜூலையில் இலைகள் வாடியதும் மண்ணைக் கிளறினால், நட்ட தாய்க் குமிழ் கரைந்துபோய், அதன் இடத்தில் சேய்க் குமிழ்கள் சில இருக்கும். இவற்றைப் பிளந்து பார்த்தால் நடுமுளையில் இலைகளின் தொடக்கமே தெரியும்; பூவின் அடையாளம் இராது. குமிழ் கிண்டியெடுக்கப்பட்டுக் களஞ்சியத்தில் உலர்ந்து கிடக்கும் கோடை வாரங்களில், யாதொரு அசைவுமின்றிக் கிடப்பதாய் நாம் எண்ணும் வேளையில், அந்த முளையின் நுனியில் ஆறு இதழ்களும், ஆறு கேசரங்களும், கடைசியாக மூன்று பிரிவுள்ள சூலகமும் ஒன்றன்பின் ஒன்றாய் உருவாகின்றன. ஓகஸ்ட் மாதமளவில் ஊசிமுனையளவு பூ ஒன்று இருளிலே முழுமை பெற்றுவிடும்.

இந்த இரகசியம் வெகு காலம் எவருக்கும் தெரியாது. வியன்னாவிலே அரச தோட்டத்தை மேற்பார்த்த கரோலஸ் குளூசியஸ் என்ற அறிஞர் 1593ஆம் ஆண்டு லைடன் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பூங்காவுக்கு வந்தபோது துலிப் குமிழ்களையும் கொண்டுவந்தார். மறு ஆண்டு அவை பூத்தன. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் அந்நாட்டையே ஆட்டிவைத்த துலிப் வியாபாரத்தைப் பற்றி மாணவர்கள் பொருளியற் பாடத்தில் படித்திருப்பார்கள். அதிலே நாம் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. குமிழ் மண்ணுக்கு வெளியே இருப்பது கோடையிலே சில மாதங்களே. மற்றைய மாதங்களில் அதனைக் கண்ணாற் காணவோ கையில் எடுத்துக் கொடுக்கவோ இயலாது. ஆகவே 1636ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மக்கள் விற்றதும் வாங்கியதும் குமிழையன்று. கோடையிலே குமிழ் தருவேன் என்ற வாக்குறுதியையே. ஒல்லாந்தர் இதற்குக் "காற்று வியாபாரம்" என்று பெயரிட்டனர். 1637 பெப்ரவரியில் அக்காற்று அடங்கியது. கால்வாய்களில் வீழ்ந்து உயிர்விட்டோர் பலர் என்ற கதைகளுக்கு ஆதாரம் கிடையாது என்று இக்கால வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். அந்தத் தேசம் அதனால் முடங்கிவிடவில்லை என்பதற்கு நம்மவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை: மறு ஆண்டு, 1638இல், ஒல்லாந்தக் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வந்து போர்த்துக்கேயரின் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டன.

அக்காலத்தில் மிகுந்த விலை போனவை, வெண்ணிதழில் செந்தழல் ஓடினாற் போன்ற கோடுகளுடைய பூக்கள். ஒரே நிறமாய்ப் பூத்துவந்த செடி ஓராண்டு திடீரெனக் கோடிட்டுப் பூக்கும். ஏனென்று எவர்க்கும் விளங்கவில்லை. இக்கோடுகள் ஒரு நோயின் விளைவு என்பதையும், நோயுற்ற குமிழின் துண்டை நல்ல குமிழோடு ஒட்டினால் நோய் தொற்றும் என்பதையும் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியிலே மெய்ப்பித்தவர் டொரதி கேலி என்ற அம்மையார். இவர் பிறந்தது நமது இலங்கையில். தந்தையார் சேர் ரிச்சட் கேலி இந்நாட்டின் பிரதம நீதியரசராக இருந்தவர். நோய்க்குக் காரணம் அழுக்கணவன் பூச்சி பரப்பும் வைரசு எனப் பின்னர் தெளிவாயிற்று. பூவின் நிறம் பற்றிய இச்செய்தி நமது பொருளுக்குப் புறம்பானதுதான். ஆயினும் நமது மண்ணிற் பிறந்த ஒருவரின் பெயரைச் சொல்லாமற் கடந்துபோக மனம் வரவில்லை.

நாள் குறிக்கும் கலைக்கு வருவோம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், லிசே என்ற ஊரிலே நிக்கொலாஸ் டாமஸ் என்பவர், கிண்டியெடுத்த ஹயசிந்த் குமிழ்களைக் கோடையிலே சூட்டில் வைத்துக் குளிர்காலத்தின் நடுவிலே பூக்கச் செய்து காட்டினார். கைப்பழக்கத்தால் வந்த இவ்வெற்றிக்கு விஞ்ஞான அடிப்படை தேடியவர் வாகனிங்கன் நகரத்துப் பேராசிரியர் அந்தோன் ஹென்றிக் பிளாவ். 1882இல் பிறந்து 1942இல் மறைந்த இவர், தம் மாணவரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்காகக் குமிழ்களை வெவ்வேறு வெப்பநிலை அறைகளில் வைத்து, குறித்த நாட்களுக்கு ஒருமுறை சிலவற்றைப் பிளந்து, உள்ளே முளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உருப்பெருக்கியாற் பார்த்துப் படம் வரைந்து வைத்தார். பொறுமையைத் தவிர வேறு பெரிய கருவி எதுவும் வேண்டாத வேலை. ஆனால் அதிலிருந்து பிறந்த உண்மை பெரியது: செடிக்கு நல்லதென ஒரே வெப்பநிலை கிடையாது. பூ உருவாவதற்கு ஒரு வெப்பநிலை, தண்டு நீளத் தகுதி பெறுவதற்கு ஒன்று, நீளுவதற்கு இன்னொன்று என, வாழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அது வேறொன்றைக் கேட்கிறது. மலைச்சாரலிலே கோடையும் பனியும் வசந்தமும் முறையே வந்து கொடுத்ததை அறைக்குள்ளே மனிதன் கொடுக்கலாம். கொடுக்கும் நாளைத் தானே தெரிந்தெடுக்கலாம்.

தொழிலாளர் இன்று செய்வது இதுவே. கிண்டியெடுத்த குமிழை முதலில் 17 முதல் 20 பாகை செல்சியஸ் வரையுள்ள அறையில் வைக்கிறார்கள். மிக முந்திப் பூக்கவேண்டியவற்றை அதற்கு முன் ஒரு வாரம் 34 பாகைச் சூட்டிலும் வைப்பதுண்டு. பின்னர் சில குமிழ்களைப் பிளந்து, பூவின் கடைசி உறுப்பாகிய சூலகம் தோன்றிவிட்டதா என்று பார்க்கிறார்கள். அது தோன்றுமுன் குளிருக்குள் வைத்தால் பூ ஊனமாகும். தோன்றிய பின்னரே குளிரறைக் கதவு திறக்கப்படும். குளிர் 9 பாகையில் தொடங்கும். வேரூன்றியபின் 5, பின் 2 எனப் படிப்படியாய்க் குறைக்கப்படும். இவ்விருட்டறையிலே, இனத்துக்கேற்ப, பதினான்கு வாரம் முதல் இருபது வாரம் வரை குமிழ் கிடக்கவேண்டும்.

குளிர் எதற்கு? இங்கேதான் வாசகர் பலரும் தவறாக எண்ணுவர். குளிர் பூவை உண்டாக்குவதில்லை. அது கோடையிலேயே உண்டாகிவிட்டது. குளிர் செய்வது, தண்டு நீளுவதற்கு ஆயத்தஞ் செய்தல். செதிலிலைகளிலுள்ள மாப்பொருள் மெல்ல மெல்ல வெல்லமாக மாறுகிறது. தண்டின் கலங்கள் வளர்ச்சி ஓமோன்களுக்குச் செவிசாய்க்கும் நிலையை அடைகின்றன. பின்னர் இளஞ்சூடு கிடைத்ததும் கலங்கள் நீரை உறிஞ்சி நீளுகின்றன. குளிர் போதாத குமிழும் பூக்க முயலும். ஆயின் தண்டு நீளாது, மொட்டு இலைகளுக்குள்ளேயே சிக்கிக் காய்ந்துவிடும். குளிர் மிகுந்தாலோ தண்டு நெடுத்து நலிந்து தலைசாயும். கண்ணாடி வீட்டுக்கு வந்தபின் 16 முதல் 18 பாகைச் சூட்டிலே மூன்று அல்லது நான்கு வாரத்தில் மலர் வெட்டுக்கு வந்துவிடும்.

இப்போது முன் கூறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெப்ரவரி 14ஆந் திகதிக்கு மலர் கடையில் இருக்கவேண்டுமாயின், 10ஆந் திகதியளவில் வெட்டவேண்டும். அதற்கு மூன்று வாரம் முன், ஜனவரி 20இல், பெட்டிகள் கண்ணாடி வீட்டுக்குள் வரவேண்டும். பதினாறு வாரக் குளிர் வேண்டும் இனமானால் செப்டெம்பர் மாதக் கடைசியிலேயே குளிரறைக்குப் போயிருக்கவேண்டும். அதற்குமுன் சூலகம் தோன்றியிருக்கவேண்டும். ஆகவே கோடைச் சூடும் அதற்கேற்ப அளந்து கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். மார்ச் 8ஆந் திகதிக்கு, அதாவது ருசியா முதலிய நாடுகளில் பெண்களுக்கு மலர் கொடுக்கும் மகளிர் தினத்துக்கு, இதே கணக்கை மூன்று வாரம் தள்ளிப் போடவேண்டும். இவ்வாறு கிழமைக்கு ஒரு தொகுதியாகக் குளிரறையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருப்பதால், டிசெம்பர் முதல் மே வரை மலர் ஓயாது. இலையுதிர்காலத்துக்கும் வேண்டுமென்போர், வேரூன்றிய குமிழ்களைப் பெட்டியோடு உறைநிலைக்குச் சற்றுக் கீழே, ஒன்றரை அல்லது இரண்டு பாகை தாழ்வாக, மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். சிலி, நியூசிலாந்து முதலிய தென்கோள நாடுகளில் விளைந்த குமிழ்களைத் தருவிப்பதும் உண்டு. அவற்றின் கோடை ஆறு மாதம் மாறி வருவதல்லவா?

ஜனவரியின் மூன்றாஞ் சனிக்கிழமை இத்தொழிலாளர் தமது பருவத்தைத் தொடக்கிவைக்கும் விழாநாள். 2012ஆம் ஆண்டு முதல் அம்ஸ்டர்டாம் நகரின் சதுக்கமொன்றில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் மலர்களைத் தோட்டம்போல் அடுக்கிவைத்து, வருவோர் விரும்பியபடி பறித்துச் செல்ல விடுகின்றனர். உறைபனியிலே மக்கள் வரிசையில் நின்று பூப்பறிக்கும் காட்சி வேடிக்கையானது. நாள் குறித்தது பிசகவில்லை என்பதை ஊரறியச் சொல்லும் வழி இதுவென்றும் கொள்ளலாம்.

பிசகுவதற்கு வழிகள் பல. அவற்றுட் கொடியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. களஞ்சியத்திலே சில குமிழ்களில் பியூசேரியம் என்னும் பங்கசு பற்றினால் அவை ஒருவிதப் புளித்த மணம் வீசும். தொழிலாளர் அவற்றைப் "புளித்த குமிழ்" என்றே அழைப்பர். மணத்தோடு எதிலீன் என்ற வாயுவும் அவற்றிலிருந்து வெளிப்படும். காற்றிலே ஒரு கோடியில் ஒரு பங்கு எதிலீன் இருந்தாலும் கேடு தொடங்கிவிடும். சுற்றிலுமுள்ள நல்ல குமிழ்களின் உள்ளே பூ கருகிவிடும். வெளித்தோற்றத்தில் மாற்றமொன்றும் இராது. குமிழை நட்டு, வேரூன்றி, கண்ணாடி வீட்டுக்குக் கொண்டுவந்து, பூவை எதிர்பார்க்கும் நாளில் வெறும் இலைகள் நிற்கும். ஆகையால் களஞ்சியங்களில் இரவும் பகலும் விசிறிகள் சுழல்கின்றன. பழுத்த அப்பிளும் வாழைப்பழமும் இதே வாயுவைத்தான் வெளிவிடுகின்றன. பழுத்த பழத்தோடு காயைச் சேர்த்து மூடிவைத்தால் காய் விரைந்து பழுப்பதை நம் வீடுகளிற் காண்கிறோம். நமக்கு உதவும் அதே வாயு துலிப்புக்கு எமன்.

இன்னொரு சங்கடம் உண்டு. அதற்கு விசிறியும் வெப்பமானியும் உதவா. இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்த துலிப்பைச் "சற்றுப் பொறு" என்று சொல்ல இயலாது. வெட்டிய மலரைக் குளிரிலே சில நாள் வைத்திருக்கலாம், அதற்குமேல் இல்லை. 2019ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், வழக்கம்போல, வரும் வசந்தத்துக்கான குமிழ்கள் குளிரறைகளுக்குள் வைக்கப்பட்டன. மார்ச் நடுப்பகுதியில் அவை குறித்த நாளிலே, எவ்விதக் குறையுமின்றி, மொட்டவிழ்ந்தன. அந்த வாரத்திலேதான் கொரோனாத் தொற்றினால் ஐரோப்பா முழுவதும் கடைகள் மூடப்பட்டன. அல்ஸ்மியர் ஏலச் சந்தையிலே விலை சரிந்தது. வாங்குவாரின்றி, கோடிக்கணக்கான மலர்கள் அரைத்துக் குப்பையிலே கொட்டப்பட்டன. ஆண்டுதோறும் ஏறத்தாழ எழுபது இலட்சம் குமிழ் நடும் கியூகன்ஹொவ் பூங்காவும் அவ்வாண்டு பூத்துக் குலுங்கியது, வாயில் திறக்கப்படவில்லை. ஈராண்டு கழித்து 2022இல் எரிவாயு விலை பன்மடங்கு ஏறியபோது, கண்ணாடி வீட்டைச் சூடாக்குவதா, குமிழ்களைக் குறைப்பதா என்று பலர் தயங்கினர். துலிப் தன் உணவைக் குமிழிலேயே சுமந்து வருவதால் ரோசாவைப் போல நெடுநாள் சூடும் ஒளியும் கேட்பதில்லை. அது ஓரளவு ஆறுதல்.

உணவைச் சுமந்து வருவது என்றேன். அச்சொல் ஒல்லாந்து மக்களின் நினைவிலே வேறு பொருளும் தரும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944, 1945ஆம் ஆண்டுகளில், ஜெர்மானியரின் பிடியிலிருந்த மேற்கு ஒல்லாந்துக்கு உணவும் எரிபொருளும் வருவது நின்றது. ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் மாண்டனர். ஏற்றுமதி நின்றமையால் களஞ்சியங்களில் துலிப் குமிழ்கள் குவிந்து கிடந்தன. மக்கள் அவற்றை வாங்கி உண்டனர். நடுவிலுள்ள மஞ்சள் முளை தீங்கு செய்யும் ஆதலால் அதை அகற்றிவிட்டு, எஞ்சியதை அவித்தோ, உலர்த்தி மாவாக்கியோ உண்ணும்படி அறிவுறுத்தப்பட்டது. அகற்றி எறியப்பட்ட அந்த முளைதான் அடுத்த வசந்தத்தின் பூ. அக்காலத்திலே ஒல்லாந்தின் இளவரசி ஜூலியானா கனடாவின் ஒட்டாவா நகரில் அடைக்கலம் பெற்றிருந்தார். போர் முடிந்த 1945இல் நன்றிக் கடனாக அவர் அனுப்பிய ஓர் இலட்சம் குமிழ்களே, 1953 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒட்டாவாவில் நடைபெறும் துலிப் விழாவுக்கு வித்து. கனடாவிலுள்ள நம் உறவினர் அனுப்பும் புகைப்படங்களிலே காணும் அப்பூக்களுக்கு எவரும் குளிரறை கட்டிக் கொடுக்கவில்லை. ஒட்டாவாவின் குளிர்காலமே போதுமானது. அங்கே செய்வதெல்லாம் முந்திப் பூப்பது, நடுவிற் பூப்பது, பிந்திப் பூப்பது என இனங்களைக் கலந்து நட்டு விழாவை நீட்டித்துக்கொள்வதே.

இனி, நமது நாட்டிலே துலிப்பைப் பூக்க வைக்கலாமா என்று மாணவர் கேட்பர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குமிழை மண்ணிலே நட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். குளிரைக் குளிர்சாதனப் பெட்டி கொடுக்கும்: குமிழைக் கடதாசிப் பையிலிட்டு, உறைபெட்டியில் அன்றிக் கீழ்த்தட்டிலே, 5 பாகையளவில், பதினான்கு வாரமாவது வைத்திருக்கவேண்டும். அப்பெட்டியிலே அந்த வாரங்களில் அப்பிள் இருத்தலாகாது. இல்லத்தரசியரோடு இதைப் பற்றி முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்வது நன்று. தடை அதற்குப் பின்னரே. வெளியே எடுத்து நட்டபின் 16, 18 பாகை வேண்டுமென்றோம். கொழும்பிலோ சராசரி வெப்பநிலையே 27 பாகையளவில் நிற்கும். அச்சூட்டில் மொட்டு காய்ந்துபோகும், அல்லது குள்ளத் தண்டிலே இரண்டு நாள் நின்று உதிரும். சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் நிற்கும் நுவரெலியாவில் வாய்ப்பு நன்றாக உண்டு. முன்னரே குளிரூட்டிய குமிழாயின் தொட்டியிலே பூக்க வைக்கலாம். ஒருமுறை பூத்த குமிழ் மறு ஆண்டுக்கு உதவாது; ஒல்லாந்திலும் மலரை வெட்டிய பின் குமிழை எருவாக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் குமிழ் கேட்டு எழுதுவோர் ஒன்றை மறவாதிருக்கவேண்டும். உயிருள்ள தாவரப் பகுதி எதையும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்றே இந்நாட்டுக்குள் கொண்டுவரலாம். பெட்டிக்குள் உடுப்புகளுக்கிடையே ஒளித்துக் கொண்டுவரும் குமிழோடு, நமது வெங்காயத் தோட்டங்கள் அறியாத பங்கசும் புழுவும் வந்து சேரக்கூடும்.